நெல்வயல் மீதேன் கணக்கு: பதிவு இல்லாத ஆண்டுகளின் கட்டங்களை நிரப்பலாமா?

கனகராயன்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வன்னியில் பிரதேச மட்ட அலுவலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தராகப் பணிபுரிகிறேன். சென்ற மாத இறுதியில் மேலிடத்திலிருந்து எங்களுக்கு ஓர் எக்செல் படிவம் வந்தது. நாடு ஐக்கிய நாடுகள் காலநிலை மாற்றச் சமவாயத்துக்கு அனுப்பும் அறிக்கைக்காகப் பச்சைவீட்டு வாயுக் கணக்குத் தயாரிக்கப்படுவதாகவும், எங்கள் பிரிவின் நெற்செய்கை, கால்நடை, உரப் பாவனை, விறகுப் பாவனை ஆகியவற்றுக்கான தரவுகளை 2000ஆம் ஆண்டிலிருந்து ஆண்டுவாரியாக இரண்டு கிழமைக்குள் நிரப்பி அனுப்ப வேண்டும் எனவும் அதனுடன் வந்த கடிதம் கூறியது. படிவம் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. விளக்கக் குறிப்பு எதுவும் இல்லை.

ஒரே ஓர் உதாரணம் சொல்கிறேன். நெற்செய்கைப் பகுதியில் 'நெற்செய்கைக்கு முந்திய நீர்நிலை' என்று பொருள்படும் தலைப்புடன் ஒரு நிரல் இருந்தது. என் பக்கத்து மேசையில் இருப்பவர் அதைக் குளத்தின் நீர்மட்டம் என்று விளங்கிக்கொண்டு அடிக்கணக்கில் நிரப்பினார். இன்னொருவர் விதைப்புக்கு முந்திய மாதத்தின் மழைவீழ்ச்சி என்று எண்ணி மில்லிமீற்றரில் நிரப்பினார். நான் வயலில் நின்ற நீரின் ஆழமாக இருக்கலாம் என்று நினைத்து வெறுமையாக விட்டேன். ஒரே அலுவலகத்திலிருந்து மூன்று விதமான பதில்கள் போயிருக்கும், அதைப் பெற்றவர் எதைச் சரியென்று எடுப்பார் என்று யோசித்தபோது எனக்கு உறக்கம் வரவில்லை.

இதைவிடப் பெரிய பிரச்சினை பழைய ஆண்டுகள். 2008, 2009இல் இங்கிருந்த சனம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது கமநல சேவை நிலையங்களின் பதிவேடுகளும் விதானைமாரின் கொப்பிகளும் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. எங்கள் அலுவலகத்தின் அலுமாரியில் இருக்கும் மிகப் பழைய பதிவேடு 2010ஆம் ஆண்டினது. மேலதிகாரி, அயல் மாவட்டம் ஒன்றின் சராசரியை எடுத்து அந்த ஆண்டுகளை நிரப்பிவிடும்படி சொல்கிறார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, வெற்றுக்கட்டம் போனால் நாட்டுக்குக் கெட்டபெயர் வரும் என்றே அஞ்சுகிறார். ஆனால் மக்கள் ஒருவர்கூட இல்லாத ஊரில் அந்த ஆண்டு நெல் விளைந்ததாக எழுத எனக்குக் கை வரவில்லை.

எனவே கேட்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று எழுத இந்தச் சர்வதேச விதிகளில் இடம் உண்டா? வளர்முக நாடுகளுக்கு இதற்கென உதவி தரப்படுவதாகக் கேள்விப்படுகிறேன். அது எங்களைப் போன்ற அலுவலகம் வரை ஏன் வந்து சேர்வதில்லை?

*

பாலைமரம் எழுதியது:

உங்கள் கைக்கு வராதது சரியானதே, பிள்ளை. நான் வவுனியாவைச் சேர்ந்தவன், கொழும்பில் இந்தக் கணக்குகளைத் தொகுக்கும் பணியில் சில காலம் இருந்தவன். ஆகவே விதி என்ன சொல்கிறது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

2015இல் ஏற்கப்பட்ட பாரிஸ் உடன்படிக்கையின் 13ஆம் உறுப்புரைதான் இதற்கெல்லாம் வேர். அதை நடைமுறைப்படுத்தும் விதிகள் 2018இல் போலந்தின் கட்டோவிற்சவில் முடிவாயின, அட்டவணைகளின் வடிவம் 2021இல் கிளாஸ்கோவில் இணக்கப்பட்டது. அதன்படி ஒவ்வொரு நாடும் இரண்டாண்டுக்கு ஒருமுறை வெளிப்படைத்தன்மை அறிக்கை சமர்ப்பிக்க வேண்டும். முதலாவதற்கான இறுதித் திகதி 2024 டிசெம்பர் 31, அடுத்தது 2026 டிசெம்பர் 31. மிகவும் பின்தங்கிய நாடுகளும் சிறு தீவு வளர்முக நாடுகளும் தங்கள் வசதிப்படி சமர்ப்பிக்கலாம். இலங்கை தீவுதான் என்றாலும் அந்த இரண்டு பட்டியல்களிலும் இல்லை, ஆகையால் மாலைதீவுக்கு உள்ள சலுகை நமக்கு இல்லை.

ஆனால் நமக்கென்று வேறு ஒரு கதவு திறந்திருக்கிறது. தன் ஆற்றலைக் கருதித் தளர்வு தேவைப்படும் வளர்முக நாடு எதுவும் குறிப்பிட்ட சில விதிகளில் தளர்வை எடுத்துக்கொள்ளலாம். கணக்கு 1990இலிருந்து தொடங்க வேண்டும் என்பது பொது விதி. தளர்வை எடுக்கும் நாடு, தன் தேசிய இலக்குக்கு அடிப்படையாக வைத்த ஆண்டையும் 2020இலிருந்து தொடர்ச்சியான ஆண்டுகளையும் காட்டினால் போதும். ஏழு வாயுக்களுக்குப் பதிலாகக் காபனீரொட்சைட்டு, மீதேன், நைதரசு ஒட்சைட்டு ஆகிய மூன்றையாவது காட்டலாம். எந்த விதியில் தளர்வு எடுக்கிறோம், எந்தக் குறைபாட்டால் எடுக்கிறோம், எப்போது திருத்துவோம் என எண்ணுகிறோம் என்பதை மட்டும் தெளிவாக எழுத வேண்டும். அந்தத் தளர்வு உங்களுக்குத் தேவைதானா என்று மீளாய்வு செய்யும் நிபுணர் குழு கேள்வி எழுப்பக்கூடாது என்பதும் அதே விதியில் எழுதப்பட்டிருக்கிறது. இதை நான் முதன்முதலில் வாசித்தபோது இரண்டு தடவை வாசித்தேன்.

அட்டவணையிலும் வெற்றுக்கட்டம் விடத் தேவையில்லை. 'மதிப்பிடப்படவில்லை' என்பதற்கு ஒரு குறியீடு உண்டு, 'அப்படியொரு செயற்பாடு நிகழவில்லை' என்பதற்கு வேறொரு குறியீடு உண்டு. இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள், ஏனெனில் உங்கள் பிரிவில் 2009 காலபோகம் (மழைக்கால நெற்செய்கை) முதலாவது வகையைச் சேர்ந்ததா இரண்டாவதைச் சேர்ந்ததா என்பது வரலாறு. வயல் விதைக்கப்படவே இல்லை என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியுமானால் அங்கே 'நிகழவில்லை' என்றே எழுதுங்கள். விதைத்து, பின் விட்டுவிட்டுப் போனார்களா என்று தெரியாத ஆண்டுக்கு 'மதிப்பிடப்படவில்லை' என்று எழுதிக் காரணத்தைக் குறிப்பில் சொல்லுங்கள். மீளாய்வுக் குழு அதைக் குற்றமாக எழுதாது. அயல் மாவட்டச் சராசரியை நிரப்பினால்தான் தொடர் எங்கோ ஓரிடத்தில் பொருந்தாமல் நின்று, ஒருநாள் கேள்வி வரும்.

'நெற்செய்கைக்கு முந்திய நீர்நிலை' என்ற நிரலில் அவர்கள் கேட்பது குளத்தையும் அல்ல, மழையையும் அல்ல. நீர் நின்ற மண்ணிலிருந்தே மீதேன் வெளியாவதால், விதைப்புக்கு முன் அந்த வயல் எவ்வளவு காலம் நீர் நில்லாமல் கிடந்தது என்பதையே கேட்கிறார்கள். 180 நாட்களுக்குக் குறைவா, கூடவா, அல்லது 30 நாட்களுக்கு மேல் நீர் நின்றதா என்ற மூன்றில் ஒன்றே பதில். காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழுவான ஐபிசிசி, வாயுக் கணக்குப் போடுவதற்கு வெளியிட்ட 2006ஆம் ஆண்டு வழிகாட்டியைப் பார்த்தவருக்கு மட்டுமே இது விளங்கும். அந்த வழிகாட்டி ஐக்கிய நாடுகளின் ஆறு மொழிகளில் கிடைக்கிறது. தமிழும் சிங்களமும் அந்த ஆறில் இல்லை.

*

அலைகரை எழுதியது:

மேலே எழுதியவரின் விளக்கத்துக்கு மதிப்புக் கொடுத்துக்கொண்டே எனது மறுப்பைச் சொல்கிறேன். நூறு ஆண்டுகளுக்கு மேலாக நிலக்கரியை எரித்துச் செல்வம் சேர்த்த நாடுகள் இருக்க, ஒரு போகம் விதைத்து அடுத்த போகத்துக்கு வானத்தைப் பார்த்திருக்கும் முத்தையன்கட்டுக் கமக்காரரின் வயலிலிருந்து எத்தனை கிலோ மீதேன் போகிறது என்று எண்ணுவது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை. 2018 டிசெம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீடுகளும் வயல்களும் மூழ்கியபோது பட்ட இழப்பை எந்த அட்டவணையில் எழுதுவது? அறிக்கை எழுதுவதற்கென்று வரும் பணம் பயிற்சிப் பட்டறைகளிலும் ஆலோசகர்களின் நாட்கூலியிலும் கரைந்துபோவதை நாங்கள் கண்டிருக்கிறோம். அந்தப் பணத்தில் உடைந்த வாய்க்கால் ஒன்றையாவது கட்டித் தந்தால் பயன் இருக்கும்.

*

வட்டவிதானை எழுதியது:

நான் படித்து உத்தியோகம் பார்த்தவன் அல்ல, இரணைமடுவின் கீழ் வாய்க்கால் ஒன்றுக்கு நீர் பங்கிடும் பொறுப்பில் பல போகங்கள் இருந்தவன். என் மகளின் உதவியோடு இதை எழுதுகிறேன்.

என்னிடம் சீ.ஆர். கொப்பி என்ற தடித்த அட்டைக் கொப்பி ஒன்று இருக்கிறது. அதில் ஒவ்வொரு போகமும் துருசு (மதகு) திறந்த நாள், பூட்டிய நாள், எந்த வயலுக்கு எத்தனை மணித்தியாலம் நீர் போனது, யார் முறை தவறி மடை திறந்தார் என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்கும். அரசாங்கத்துக்காக நான் இதை எழுதவில்லை. 'எனக்கு நீர் வரவில்லை' என்று ஒருவர் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் எழுந்து நின்றால் காட்டுவதற்காக எழுதினேன். மேலே கேட்டிருக்கும் நீர்நிலை விபரம் அந்தக் கொப்பியைப் பார்த்தால் தெரியும். எங்கள் வாய்க்காலின் கீழ் பெரும்பாலான வயல்கள் காலபோகம் மட்டும் செய்பவை. மாசியில் அரிவி வெட்டினால் பின்பு புரட்டாதி, ஐப்பசி மழைக்குத்தான் உழவு, இடையில் வயல் வெடித்துக் கிடக்கும், மாடுகள் வைக்கோலைத் தின்று தீர்த்துவிடும். சிறுபோகத்துக்குக் குளத்தில் இருக்கும் நீருக்கு ஏற்ப ஒரு பகுதி வயல்களையே ஒதுக்குவார்கள். அப்படி ஒதுக்கப்பட்ட வயலில் மட்டும் வெட்டி முடித்த சூட்டோடு மறுபடியும் உழுவோம். விதைத்து இரண்டு, மூன்று கிழமையில் களைநாசினி தெளிப்பதற்கு நீரை வடித்து நாலைந்து நாள் காய விடுவதும் வழக்கம்.

பிள்ளை, உங்களுக்குத் தேவையென்றால் கொப்பியைத் தருகிறேன். இதுவரை யாரும் கேட்கவில்லை.

*

பாலைமரம் எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்னதை வைத்து ஒரு கணக்குப் போட்டுக் காட்ட விரும்புகிறேன், ஏனெனில் அலைகரையின் கேள்விக்கும் இதிலேயே ஒரு பதில் இருக்கிறது.

நாட்டுக்கெனத் தனி அளவீடு இல்லாத இடத்தில் 2006 வழிகாட்டி தரும் பொதுக் காரணி, ஒரு ஹெக்டேயருக்கு ஒரு நாளைக்கு 1.30 கிலோ மீதேன். மூன்றரை மாத நெல்லான பிஜி 352ஐ 105 நாட்கள் என்று எடுத்தால் 136.5 கிலோ வரும். வைக்கோலைத் தற்போதைக்கு ஒரு பக்கம் வைத்துவிடுவோம். வயல் எப்படிக் கிடந்தது, நீர் எப்படிப் பாய்ந்தது என்று எதுவுமே தெரியாவிட்டால், முந்திய நீர்நிலைக்கு 1.22, நீர்ப்பாசன முறைக்கு 0.78 என்ற பொதுப் பெருக்கிகளைப் போட வேண்டும். அப்போது கிடைப்பது ஏறத்தாழ 130 கிலோ. ஆனால் அந்த வயல் 180 நாட்களுக்கு மேல் காய்ந்து கிடந்தது என்று பதிவு இருந்தால் முதலாவது பெருக்கி 0.68 ஆகிறது, போகத்தின் நடுவே 3 நாட்களுக்கு மேல் ஒருமுறை வடித்துக் காய விட்டதற்குப் பதிவு இருந்தால் இரண்டாவது 0.60 ஆகிறது. இப்போது கிடைப்பது 56 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மீதேனைக் காபனீரொட்சைட்டுக்குச் சமப்படுத்த 28ஆல் பெருக்கினால், பதிவு இல்லாத வயலுக்கு ஏறத்தாழ 3,640 கிலோ, பதிவு உள்ள அதே வயலுக்கு ஏறத்தாழ 1,560 கிலோ. வயலும் ஒன்று, நெல்லும் ஒன்று. சீ.ஆர். கொப்பி ஒன்று கணக்கில் சேராததால் அந்தக் கமக்காரரின் தலையில் இரண்டு மடங்குக்கு மேலான புகை ஏற்றப்படுகிறது.

வைக்கோலும் இப்படித்தான். விதைப்புக்கு 30 நாட்களுக்குள் வைக்கோலை மடித்து உழுதால் முழு அளவும் கணக்கில் சேரும், அதற்கு முன்பே உழுதிருந்தால் அதில் 0.29 பங்குதான். சிறுபோக வயலையும் காலபோகம் மட்டும் செய்யும் வயலையும் படிவத்தில் ஒரே வரியில் சேர்த்தால் இந்த வேறுபாடு மறைந்துவிடும். ஒரு வாய்க்காலின் கொப்பியை வைத்து மாவட்டம் முழுவதற்கும் தீர்ப்பு எழுத முடியாது என்பதையும் சொல்லியே ஆகவேண்டும். மன்னார் கட்டுக்கரைக் குளத்தின் கீழ் வழக்கம் வேறாக இருக்கலாம், மானாவாரி வயலுக்குப் பெருக்கியே வேறு. ஆயினும் பத்து வாய்க்கால்களின் கொப்பிகள் கிடைத்தால் அது ஒரு மாதிரி ஆய்வுக்குப் போதுமான தொடக்கம்.

அலைகரைக்கு: நியாயத்தைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் இந்தச் செலவை நாம் தலையில் சுமக்க வேண்டும் என்று எந்த உடன்படிக்கையும் சொல்லவில்லை. 1992ஆம் ஆண்டுச் சமவாயத்தின் 4ஆம் உறுப்புரையே, வளர்முக நாடுகள் அறிக்கை தயாரிப்பதற்கான இணக்கப்பட்ட முழுச் செலவையும் செல்வந்த நாடுகள் தர வேண்டும் என்கிறது. பாரிஸ் உடன்படிக்கையின் 13ஆம் உறுப்புரையின் 14ஆம், 15ஆம் பந்திகள், இதற்கு உதவி வழங்கப்பட வேண்டும், ஆற்றலை வளர்க்கும் உதவி தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்கின்றன. இதற்கென்றே உலகச் சுற்றாடல் வசதி (GEF) என்ற சர்வதேச நிதியத்தின் கீழ் ஒரு தனித் திட்டம் பாரிஸ் மாநாட்டின் முடிவினால் உருவானது. உதவி ஏன் உங்கள் மேசைக்கு வரவில்லை என்றால், அது கருத்திட்டங்களாக வருகிறது, கருத்திட்டத்துக்கு முடிவுத் திகதி இருக்கிறது. மூன்றாண்டு முடிந்ததும் கணக்குப் போடத் தெரிந்தவர் வேறு வேலைக்குப் போய்விடுவார், அவர் எந்த எண்ணை எங்கிருந்து எடுத்தார் என்பதும் அவருடைய மடிக்கணினியோடு போய்விடும். அடுத்த அறிக்கைக்கு மறுபடியும் உங்களுக்கு அதே படிவம், அதே ஆங்கிலத்தில் வரும். 'தொடர்ச்சியாக' என்ற அந்தச் சொல்லை நாங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதே என் எண்ணம்.

இதற்கு ஒரு வழி அறிக்கைக்குள்ளேயே இருக்கிறது. நமக்கு என்ன உதவி தேவை, இதுவரை என்ன கிடைத்தது என்று எழுதுவதற்கு அதில் தனி அட்டவணைகள் உண்டு. நிபுணர் குழுவும் மீளாய்வின்போது நம்மோடு சேர்ந்து ஆற்றல் தேவைகளை இனங்காண உதவ வேண்டும். கீழ்மட்டத்திலிருந்து யாரும் எழுதாதபடியால் அந்த இடத்தில் 'பயிற்சி தேவை' என்ற பொதுச் சொல்தான் போகிறது. 'தமிழில் விளக்கக் குறிப்பு வேண்டும், கமநல சேவைப் பிரிவு ஒவ்வொன்றிலும் இதற்கெனப் பொறுப்பான ஒருவர் நிரந்தரமாக வேண்டும், துருசுக் கொப்பிகளைப் பிரதி எடுத்துப் பாதுகாக்கச் செலவு வேண்டும்' என்று நீங்கள் எழுதி அனுப்பினால் அது மேலே போய்ச் சேராமலும் போகலாம், ஆனால் எழுதாவிட்டால் சேரவே சேராது. வெள்ளத்தின் இழப்புக்கும் அறிக்கையில் தனி இடம் உண்டு, காலநிலைத் தாக்கங்களும் இசைவாக்கமும் என்ற அத்தியாயத்தில் அதை எழுதலாம். அதைக் கட்டாயமாக்கவில்லை என்பதால் பலர் அதைச் சிறிதாக்கிவிடுகிறார்கள். உங்கள் 2018ஆம் ஆண்டுத் தரவுகளைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

*

அறிவியல்நகர் எழுதியது:

கிளிநொச்சியில் விவசாயம் படிக்கும் மாணவி. உரத்தைப் பற்றி ஒரு சிறு எச்சரிக்கை மட்டும். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அந்த ஆண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டதை அனைவரும் அறிவோம். அந்தக் காலபோகத்தில் எங்கள் வீட்டு வயலுக்கு வழக்கமான யூரியாவில் கால்வாசிகூடக் கிடைக்கவில்லை. ஏக்கருக்கு இத்தனை கிலோ என்ற சிபாரிசு அளவைச் செய்கை நிலப்பரப்பால் பெருக்கி நிரப்பும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அப்படிச் செய்தால் அந்த ஆண்டில் இல்லாத உரம் கணக்கில் வந்துவிடும். 2020இலிருந்து தொடர் அவசியம் என்பதால் 2021உம் 2022உம் தவறாமல் கேட்கப்படும். உண்மையில் வழங்கிய மூடைகளின் எண்ணிக்கையை எழுதுங்கள். அக்கா, தமிழில் விளக்கக் குறிப்பு எழுதுவதற்கு எங்கள் வகுப்பில் நாலைந்து பேர் சேர்ந்து உதவ முடியும்.

*

அலைகரை எழுதியது:

கொப்பி இல்லாததால் கணக்கு இரண்டு மடங்காகும் என்பது எனக்குப் புதிய செய்தி. என் மறுப்பை முழுவதும் மீளப்பெறவில்லை, பணம் எங்கே போகிறது என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் முத்தையன்கட்டு இடதுகரை வாய்க்காலில் எனக்குத் தெரிந்த இரண்டு பேரிடம் இப்படியான கொப்பிகள் இருக்கின்றன. கேட்டு வாங்கித் தருகிறேன். வெள்ள இழப்புக்கு எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கம் அப்போது எடுத்த பட்டியலும் என்னிடம் இருக்கிறது.

*

கனகராயன்கரை எழுதியது:

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. பாலைமரம் அண்ணை எழுதிய விதியின் விபரத்தைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி இன்று காலை மேலதிகாரியிடம் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு, 'தெரியாது என்று எழுதலாமென்று இதுவரை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லையே' என்றார். 2010க்கு முந்திய நிரல்கள் அனைத்திலும் 'மதிப்பிடப்படவில்லை' என்றும், 2009இல் எந்தக் கிராம அலுவலர் பிரிவுகளில் விதைப்பே நடக்கவில்லை என்பது மீள்குடியேற்றப் பதிவுகளிலிருந்து உறுதியாகத் தெரிகிறதோ அவற்றில் மட்டும் 'நிகழவில்லை' என்றும் எழுத அவர் உடன்பட்டிருக்கிறார். முந்திய நீர்நிலை நிரலில் நாங்கள் மூவரும் எழுதியதைத் திருத்தி அனுப்ப இன்னும் ஐந்து நாள் அவகாசமும் கேட்டிருக்கிறார்.

ஐயா, சனிக்கிழமை காலை பத்து மணியளவில் உங்களிடம் வர எண்ணியிருக்கிறேன். கொப்பியை எடுத்துச் செல்ல மாட்டேன், உங்கள் முன்னாலேயே பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொள்கிறேன். மழையில் நனைந்த பக்கங்கள் ஏதும் இருந்தால் அவற்றை நீங்களே வாசித்துச் சொல்ல வேண்டியிருக்கும். தங்கச்சி, இயலுமானால் நீங்களும் வாருங்கள், நிரல்களின் தலைப்புகளை ஐயாவின் சொற்களிலேயே தமிழில் எழுதிக்கொள்வோம். வேறு வாய்க்கால்களில் இப்படிக் கொப்பி வைத்திருக்கும் விதானைமாரை உங்களில் யாருக்காவது தெரிந்திருந்தால், வெள்ளிக்கிழமைக்கு முன் இங்கேயே அறியத்தாருங்கள்.